பிறவாப் புளி முதல் பஞ்சாமிர்தம் வரை: கொங்கில் ஒரு சோதனைப் பயணம்

நாள் 1: பேரூர்

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரியில் இறங்கி, கோவைக்குள் நுழையும் முன் பேரூரைத் தொட்டுப் போகிறது. காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறினால் பட்டீசுவரர் கோயில் வாசலிலேயே இறங்கலாம். கனகசபைத் தூண்களைப் பார்க்க ஒரு காலை வேண்டும். இந்தப் பயணத்துக்கு வேண்டியது கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் ஐந்து அதிசயங்கள்: இறவாப் பனை (பட்டுப்போகாத பனை), பிறவாப் புளி (கொட்டை முளைக்காத புளி), புழுக்காத சாணம், ஆற்றில் இட்ட எலும்பு கல்லாவது, இறப்பவரின் வலது காது மேல்நோக்கி இருப்பது.

இந்த ஐந்தையும் ஒரே கூடையில் போடக் கூடாது. இவற்றுக்குப் பின்னால் இருக்கும், பேரூரில் இறந்தால் பிறவி இல்லை என்பது நம்பிக்கை. அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை, தேவையும் இல்லை. இந்த மரத்துப் புளியங்கொட்டை முளைக்காது என்பது வேறு. அது மண்ணில் போட்டுப் பார்க்கக்கூடிய கூற்று. இரண்டையும் குழப்புகிறவர்கள் பக்தர்கள் என்று சொல்ல மாட்டேன். "இதுக்கெல்லாம் அறிவியல் காரணம் இருக்குதுங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புகிறவர்கள்தான் குழப்புகிறார்கள். அறிவியலின் பெயர் வேண்டும், அதன் வேலை வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. வழி நெடுக இந்தக் கட்சியோடுதான் சண்டை.

புளியங்கொட்டையைச் சோதிக்க, கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு கீழே விழுந்த காய்களை மட்டும் எடுக்க வேண்டும். வண்டு துளைத்த கொட்டைகளை நீக்கி, தண்ணீரில் மிதப்பதையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவதில் 30 எண்ணி எடுக்கலாம். அதே பருவத்தில் வேறொரு மரத்திலிருந்தும் 30 வேண்டும். இந்த இரண்டாவது முப்பது இல்லையென்றால் சோதனையே இல்லை. புளியங்கொட்டையின் தோல் தடித்தது, தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. அப்படியே புதைத்தால் எந்த ஊர்க் கொட்டையும் வாரக்கணக்கில் கிடக்கும். "முளைக்கல பாத்தீங்களா" என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். முளை வரும் பக்கத்தை விட்டுவிட்டு மறுமுனையை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊற வைத்து, மணலும் எருவும் கலந்த பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். நல்ல கொட்டை ஒன்றிரண்டு வாரத்தில் தலை காட்டும். எந்தப் பை எந்த மரத்துடையது என்பது தண்ணீர் ஊற்றுகிறவருக்குத் தெரியக் கூடாது.

மற்ற மரத்தின் 30-இல் 25 முளைத்து, பேரூர் மரத்தின் 30-இல் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் "ஒருபோதும் முளைக்காது" என்று சொல்ல முடியாது. பூச்சியம் வந்தால் 3-ஐ எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது புள்ளியியலில் ஒரு கைக்கணக்கு. 3-ஐ 30-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. அதாவது நூறில் பத்து முளைக்கும் மரமாக இருந்தும் இந்த முப்பதில் ஏமாந்திருக்க வாய்ப்புண்டு. 300 கொட்டை போட்டால் அந்த வரம்பு நூறில் ஒன்றாகச் சுருங்கும். "இல்லை" என்று நிறுவுவதற்கு இத்தனை பாடு.

பனையின் வயதைச் சொல்வது இன்னும் கடினம். பனை ஒருவித்திலைத் தாவரம், ஆண்டு வளையம் போடாது. வெட்டிப் பார்த்தாலும் எண்ண முடியாது. பழைய ஒளிப்படங்களும் ஆவணங்களும்தான் சாட்சி.

சாணத்துக்கு வெயிலும் காற்றும் கணக்கில் வர வேண்டும். ஈ முட்டையிட்டு ஒரு நாளில் புழு வெளிவரும், ஈரம் இருந்தால்தான் பிழைக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மெல்லிய வரட்டி வேகமாகக் காய்ந்துவிடும். புழு இல்லாமல் போக அதுவே போதும். அதனால் பேரூர்ச் சாணத்தையும் வேற்றூர்ச் சாணத்தையும் ஒரே தடிப்பில், ஒரே நிழலில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

எலும்பு கல்லாகும் கதைக்கு ஆற்றங்கரையில் கிடக்கும் வெள்ளைக் கற்களைப் பாருங்கள். கொங்குக் காட்டு மண்ணில் சுக்காங்கல் என்ற சுண்ணாம்புக் கட்டி நிறைய. அதன் மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் பொங்கி நுரைக்கும், அது கார்பனேட். சுட்ட எலும்பு பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், இப்படிப் பொங்காது. வலது காது விஷயத்தை எப்படிச் சோதிப்பது என்று யாரும் கேட்க வேண்டாம். சாவு வீட்டில் குறிப்பேட்டோடு நிற்பது நாகரிகம் இல்லை.

நாள் 2: சிவன்மலை

காங்கேயத்துக்குப் பக்கத்தில் திருப்பூர்ச் சாலையில் சிவன்மலை. மேலே சுப்பிரமணிய சாமி கோயிலில், மூலவருக்கு முன்னால் உள்ள மண்டபத் தூணில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெயர் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி.

நடைமுறை இதுதான். ஏதோ ஓர் ஊரில் ஒருவர் கனவில் ஆண்டவன் வந்து இன்ன பொருளை என் பெட்டியில் வை என்கிறார். அவர் கோயிலுக்கு வந்து சொல்கிறார். சாமி முன் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று எனப் பொட்டலம் வைத்துப் பூ கேட்கிறார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு உறுதி. பொருள் பெட்டிக்குள் போகிறது, முன்பிருந்தது வெளியே வருகிறது. அடுத்தவருக்குக் கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். இத்தனை நாள் என்று கணக்கு இல்லை. மண், தண்ணீர், தங்கம், மஞ்சள் என்று பலவும் இருந்திருக்கின்றன. தண்ணீர் இருந்த காலத்தில்தான் 2004 சுனாமி வந்தது, மண் இருந்தபோது நிலத்தின் விலை ஏறியது என்று காங்கேயம் வட்டாரத்தில் டீக்கடையில் உட்கார்ந்தாலே கேட்கலாம்.

இந்தப் பெட்டியில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கோயில் எதையும் கணிப்பதில்லை. எந்தப் பொருள், எந்தத் தேதி, யார் கனவு, எந்த ஊர் என்பதோடு அதன் வேலை முடிகிறது. என்ன நடக்கும் என்று சொல்வது வெளியில் இருப்பவர்கள். "சாமி உத்தரவுங்க, நல்லதோ கெட்டதோ அந்தப் பொருளுக்கு ஒரு தாக்கம் இருக்கும்" என்பதே பொதுவான விளக்கம். பொறி அந்த "நல்லதோ கெட்டதோ"வில் இருக்கிறது. தண்ணீர் வைத்தால் வெள்ளமும் சரி, வறட்சியும் சரி, காவிரி வழக்கும் சரி. மஞ்சள் வைத்தால் விலை ஏறினாலும் பலித்தது, இறங்கினாலும் பலித்தது. தவறவே முடியாத கணிப்பு எதையும் சொல்லவில்லை என்றே பொருள்.

சோதிக்க வழி இருக்கிறது. பொருள் மாறிய அன்றே, ஒருவரோடு ஒருவர் பேசாத மூன்று பக்தர்களிடம் எழுதி வாங்க வேண்டும்: என்ன நடக்கும், எங்கே, எந்தத் தேதிக்குள், எவ்வளவு. மஞ்சள் என்றால் "ஈரோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விரலி மஞ்சள் குவிண்டால் விலை ஆறு மாதத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஏறும்" என்ற அளவுக்குத் துல்லியம் தேவை. உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி போட்டு வைத்துவிடலாம். பிறகு ஒரு வேலை பாக்கி. முந்தைய பத்தாண்டு விலைப் பட்டியலை எடுத்து, எந்த ஆறு மாதத்தை எடுத்தாலும் அந்த அளவு ஏற்றம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மஞ்சள் விலை சும்மாவே குதிக்கும். அந்த அடிக்கணக்கு தெரியாமல் பலித்தது என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. மூன்று உறைகளையும் பிரித்தால் மூன்றில் மூன்று விதமான ஆரூடம் இருக்கும் என்பது என் ஊகம். அதுவே பாதி விடை.

பூ கேட்பதும் ஒரு கணக்குத்தான். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தால் வெள்ளைக்கு வாய்ப்பு பாதி. மூன்று முறை கேட்டு, ஒரு முறை வந்தாலும் போதும் என்றால் வாய்ப்பு எட்டில் ஏழு. ஒரே ஒருமுறை கேட்டு, சிவப்பு வந்தால் திரும்பிப் போவது என்ற கட்டுப்பாடு இருந்தால்தான் பூவுக்கு மரியாதை. கொங்கில் கல்யாணம், கிணறு வெட்டு, வீட்டு மனை எல்லாவற்றுக்கும் பூ கேட்கிறார்கள். இரண்டு பங்காளிகள் ஒத்துப்போகாத விஷயத்தில், யார் பக்கமும் சாயாமல் முடிவெடுக்க இது நல்ல வழி. சீட்டுக் குலுக்கிப் போட்டால் ஒத்துக்கொள்ளாதவர் சாமி முன் எடுத்த பூவுக்குக் கட்டுப்படுவார். கிணற்றில் தண்ணீர் வருமா என்ற கேள்விக்கு மட்டும் பூ பதில் சொல்லாது. அதற்குப் பாறையின் மின்தடையை அளக்கும் ஆள் வேண்டும்.

நாள் 3: சென்னிமலை, கொடுமணல்

சென்னிமலைக்கு 1320 படிகள். வண்டிப்பாதையும் உண்டு. 1984-இல் இரட்டை மாட்டு வண்டி ஒன்று படி வழியே ஏறியது என்று சொல்லாத உள்ளூர்க்காரர் கிடையாது. ஒரே ஒருமுறை நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. சாட்சிகளை விசாரிக்கலாம், அது வரலாற்றின் வேலை.

இங்கே அபிஷேகத் தயிர் புளிப்பதில்லை என்பார்கள். தயிர் புளிப்பது பாக்டீரியா பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவதால். வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பமும் உறையின் அளவும். மலை உயரம் இதில் எவ்வளவு செய்யும்? கிலோமீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குறையும். முந்நூறு மீட்டர் ஏறினாலும் இரண்டு டிகிரிதான், அதை ஒரு வேப்பமர நிழலே கொடுத்துவிடும். ஒரே பாலில், ஒரே உறையில் இரண்டு சட்டி. ஒன்று மேலே, ஒன்று அடிவாரத்தில். இரண்டு மணிக்கொருமுறை அமிலத்தாள் தோய்த்து எண்ணைக் குறிக்கலாம். நாக்கை நம்பக் கூடாது. படியேறிக் களைத்தவர் வாய்க்கு எந்தத் தயிரும் இனிக்கும்.

மலையிலிருந்து மேற்கே போனால் கொடுமணல். நொய்யலின் வடகரை. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று அணிகலனுக்காகக் குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது அறிஞர் கருத்து. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980-களில் தொடங்கிய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசையில் (உருக்கும் மண்கலத்தில்) எஃகு செய்த தடயங்களும், பச்சைக்கல், நீலக்கல் மணிகளை அறுத்துத் துளையிட்ட பட்டறைக் கழிவுகளும் வந்தன. தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகள் நூற்றுக்கணக்கில்.

ஆனால் இங்கே நின்று யோசிக்க வைப்பது ஈமக்காடு. கற்பலகை நிறுத்திக் கட்டிய அறைகள், பலகையில் வட்டத் துளை, உள்ளே பானை, வாள், அம்பு முனை. ஒரு குழியில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் சூதுபவள மணிகள். அத்தனையும் இறந்தவருக்கு. மூசையில் எஃகு வடிப்பவருக்குக் கரி எவ்வளவு, சூடு எவ்வளவு, எத்தனை நேரம் மூடி வைப்பது என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். தவறினால் இரும்பு உடையும், உடனே தெரிந்துவிடும். அப்படி வடித்த வாளை மறுமைக்கு என்று மண்ணுக்குள் வைத்தார்கள். ஒரே ஆட்கள், ஒரே கைகள். உலையில் செய்த தவறு திரும்பி வந்து சொல்லும், கல்லறையில் செய்த தவறு திரும்பி வராது. அறிவியலுக்கும் சமயத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் கொங்கில் வேறில்லை. பெயர்ப்பலகைகூட அவ்வளவாக இல்லாத இடம் என்பது வேறு விஷயம்.

பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்தது. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மறுபயன் செய்யாத சாய ஆலைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பேரூரில் இதே ஆற்றில் அஸ்தி கரைக்கிறோம், ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி விடுகிறோம். புனிதம் என்ற நம்பிக்கை ஆற்றைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது என்று ஏதாவது இருந்தால், அது உப்பளவுக் கருவியின் எண்ணைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனதுதான். குடிநீரில் கரைந்த உப்பு (டிடிஎஸ்) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. சில நூறு ரூபாய்க் கருவி இதைக் காட்டும். கிருமியை, ஆர்செனிக்கைக் காட்டாது. "டிடிஎஸ் கம்மி, தண்ணி சுத்தம்" என்பது இன்னொரு மூடநம்பிக்கை.

நாள் 4: கொடுமுடி

ஈரோடு–கரூர் ரயில் தடத்தில் கொடுமுடி. காவிரிக் கரையில் மகுடேசுவரர் கோயில். வன்னி மரத்தடியில் மூன்று முகப் பிரம்மா. பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்குத் தீர்த்தக் காவடி எடுப்பவர்கள் இங்கே காவிரி நீர் மொண்டு, வன்னி இலை போட்டு நடக்கிறார்கள். இலை போட்டால் தண்ணீர் எத்தனை நாளானாலும் கெடாது என்பது வழக்கு.

கெடுவது என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். நாற்றமா, நிறமா, கிருமியா? வெறும் நீரில் கிருமிக்குத் தீனி குறைவு. இலை போடாத குடமும் பல நாள் நாறாமல்தான் இருக்கும். இலை போட்டால் தீனி கூடுகிறது, நியாயப்படி சீக்கிரம் நாற வேண்டும். நாறவில்லை என்றால் அதுதான் ஆராய வேண்டிய சங்கதி.

நான்கு பாத்திரம் போதும். செம்பில் இலையோடு ஒன்று, இலையின்றி ஒன்று. எவர்சில்வரில் அதேபோல் இரண்டு. ஒரே இடத்தில் மொண்ட நீர், ஒரே அளவு, நிழலில், மூடி போட்டு. வெயிலில் வைத்தால் புற ஊதாக் கதிரே கிருமியைக் கொன்றுவிடும். கிருமிச் சோதனைக்கு ஹைட்ரஜன் சல்பைடு குப்பி கிடைக்கிறது. குறியிட்ட அளவுவரை நீர் ஊற்றி மூடி, 30 டிகிரிக்குக் குறையாத இடத்தில் வைத்தால், மலக்கலப்பு இருக்கும் நீர் 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்துவிடும். குப்பியின் வாயைக் கையால் தொட்டால் நம் கைக் கிருமியே கறுக்க வைத்துவிடும், பெரும்பாலான தவறு இதில்தான். பள்ளிக்கூடங்களில் செய்யத் தோதான சோதனை.

செம்பைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. செம்புக் குடத்தில் பதினாறு மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் அழிவதை ஆய்வு காட்டியிருக்கிறது. காவடிச் செம்பு அந்த வேலையைச் செய்ய, பேரை வன்னி இலை தட்டிக்கொண்டு போயிருக்கலாம். இலையும் ஏதாவது செய்யக்கூடும். நான்கு பாத்திரம் இல்லாமல் இதைப் பிரிக்க முடியாது. செம்பில் மோர், எலுமிச்சைச் சாறு வைக்க வேண்டாம். புளிப்பு செம்பைக் கரைக்கும், லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

மரத்தின் வயது ஈராயிரம் மூவாயிரம் என்பார்கள். நடுத்தண்டு உள்ளீடற்றுப் போன மரத்தில் மிகப் பழைய கட்டை மிஞ்சுவதில்லை. கார்பன் கணிப்பும் மிஞ்சிய கட்டையின் வயதைத்தான் சொல்லும்.

நாள் 5: ஈரோடு

மழை. பெரியார் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது, கடைவீதியிலிருந்து நடந்துவிடலாம். 1925-இல் குடிஅரசு இதழ் இங்கிருந்துதான் தொடங்கியது. சாமி இல்லை என்று ஊர் ஊராகச் சொன்னவர் அதற்கு முன் ஈரோட்டு தேவஸ்தானக் குழுத் தலைவராகக் கோயில் கணக்கைப் பார்த்தவர். நம்பாதவர் பார்த்த கணக்கு கோயிலுக்குக் கேடு செய்யவில்லை.

இதே மாவட்டத்தில் மொடக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர் பெரியசாமித் தூரன். பத்துத் தொகுதித் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர். பரம்பரைக் கூறுகளையும் மனத்தையும் பற்றித் தமிழில் அறிவியல் நூல் எழுதியவர். முருகன் மேல் கீர்த்தனையும் எழுதினார். கலைக்களஞ்சியத்தின் கட்டுரைகளில் அருளைச் சான்றாகக் காட்டவில்லை, கீர்த்தனையில் வேதியியலைக் காட்டவில்லை. இந்த ஒழுங்கு இன்று வாட்ஸ்அப்பில் கிடைப்பதில்லை.

நாள் 6: பண்ணாரி

சத்தியமங்கலம் தாண்டி, திம்பம் மலைப்பாதை தொடங்கும் முன் பண்ணாரி மாரியம்மன் கோயில். பங்குனியில் குண்டம், அதாவது தீமிதி. பூச்சாட்டி, விரதம் இருந்து, லட்சக்கணக்கில் இறங்குகிறார்கள். மற்ற நாளில் வெறும் குழியைத்தான் பார்க்க முடியும், ஆனால் கூட்டமில்லாத அந்த நாளில்தான் அமைப்பு புரியும்.

குண்டத்துக்கான விறகுக்கு எரிகரும்பு என்று பெயர். முதல் நாள் இரவே மூட்டி, விடிவதற்குள் கட்டை முழுவதும் எரிந்து கங்காக வேண்டும். பிறகு நீண்ட கழிகளால் தட்டி, பரப்பி, சமன் செய்கிறார்கள். பூசாரி முதலில் இறங்குவார். காலைத் தூக்கி வைத்து நிதானமாகக் கடந்தால் பெரும்பாலானவர்களுக்குக் கொப்புளம்கூட இல்லை. ஏன்?

சூடு வேறு, சூட்டைக் கைமாற்றும் திறன் வேறு. சிவந்த கங்கு 500 டிகிரிக்குக் குறையாது. ஆனால் கரி இலேசானது, துளை நிறைந்தது, வெப்பத்தை மெல்லத்தான் விடும். பாதத்தின் சதை பெரும்பாலும் நீர், வெப்பத்தை விரைந்து வாங்கி உள்ளே கடத்திவிடும். கைமாற்றும் திறனைக் குறிக்கும் எண் கரிக்குச் சுமார் 200, சாம்பலுக்கு 100, தோலுக்கு 1200, இரும்புக்கு 14000. இதை வைத்துத் தொடும் இடத்தின் வெப்பத்தைக் கணக்கிட்டால், மொட்டைக் கங்கில் நூறு டிகிரியை ஒட்டி வரும், சாம்பல் பூத்த கங்கில் எழுபதை ஒட்டி. அதே 500 டிகிரி இரும்புத் தகட்டில் 460. கங்கின் மேல் நடப்பவர் எவரும் சூடான தோசைக்கல் மேல் நடப்பதில்லை என்பதற்குக் காரணம் இந்த எண்கள்தான்.

எழுபது டிகிரியும் சாதாரணமில்லை, உயிருள்ள தோலை ஒரு நொடிக்குள் சுடும். ஆனால் ஓர் அடிக்குப் பாதம் கங்கில் இருப்பது அரை நொடி. மேடும் பள்ளமுமான கங்கில் பாதம் முழுவதும் படுவதில்லை. செருப்பில்லாமல் காட்டு வேலை செய்த காலின் அடித்தோல் தடிப்பாக, உயிரற்ற அடுக்காக இருக்கும். இத்தனையும் சேர்ந்துதான் தாங்குகிறது. 1935-இல் இங்கிலாந்தில் குடா பக்ஸ் என்ற காஷ்மீரத்துக்காரரைத் தீயில் நடக்க வைத்து அளந்தபோது, மேற்பரப்பு 430 டிகிரி. கரி வெப்பத்தை மெல்லக் கடத்துவதும் பாதம் படும் நேரம் குறைவதுமே காரணம் என்று அன்றே முடிவுக்கு வந்தார்கள்.

தவறுவது எங்கே என்று பார்த்தாலும் இதே கணக்கு உறுதியாகும். ஓடினால் முன்னங்கால் கங்கில் புதைந்து விரலிடுக்கில் கரி சிக்கும், எடுக்கும்வரை சுடும். தடுமாறி விழுந்தால் கை, தொடை எல்லாம் மெல்லிய தோல். பின்னால் வருபவர் தள்ளினால் நிற்க நேரும், அதுதான் பெரிய ஆபத்து. கால் கொலுசு, மிஞ்சியைக் கழற்றிவிட வேண்டும். எரிகரும்போடு ஆணி அடித்த பழைய மரம் கலந்தால் ஆணி இரும்பாகவே நடந்துகொள்ளும். பாதி எரிந்த கட்டை உருண்டு தீ நாக்கு எழுந்தால் கணுக்கால் வேகும். ஈரக் காலில் கங்கு ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் இறங்கவே கூடாது, சுடுவது தெரியாது, புண் ஆறாது. காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கி வெப்பமானியைக் கொண்டு குண்டத்தை அளக்க முயல்பவர்கள் உண்டு. அது 43 டிகிரிக்கு மேல் ஒன்றும் காட்டாது. தொழிற்சாலைக் கருவி வேண்டும், அதிலும் மலிவானவை 400 டிகிரியோடு நின்றுவிடும்.

"விரதம் சரியா இருந்தா சுடாதுங்க" என்பது ஊர் விளக்கம். பண்ணாரியில் கடைசியில் கால்நடைகளையும் குண்டத்தில் இறக்குகிறார்கள். மாடு விரதம் இருப்பதில்லை. அதற்காக விரதம் வெறும் சடங்கு என்று தள்ளிவிடவும் முடியாது. பதறாமல் ஒரே சீராக நடக்கும் மனத்தை அது தருகிறது என்றால், இயற்பியல் கேட்பதும் அந்தச் சீரான நடையைத்தான். ஸ்பெயினில் தீமிதி நடக்கும் ஒரு கிராமத்தில் நெஞ்சில் கருவி கட்டி அளந்து 2011-இல் வெளியிட்டார்கள். நடப்பவரின் இதயத் துடிப்பும், கரையில் நிற்கும் உறவினர், நண்பர் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கின. வெறுமனே வேடிக்கை பார்க்க வந்தவர் துடிப்பு அப்படிச் சேரவில்லை. அம்மன் இருக்கிறாளா என்பதற்கு இது பதில் இல்லை. குண்டம் எதற்கு என்பதற்குப் பாதி பதில்.

நாள் 7: பழனி

பழனி இன்று திண்டுக்கல் மாவட்டம். கொங்கு இருபத்துநான்கு நாடுகளில் இது வையாபுரி நாடு. யானைப்பாதை, படி, வின்ச், ரோப்கார் என்று ஏற நான்கு வழி. காற்று பலமாக வீசினால் ரோப்கார் நிற்கும்.

மூலவர், போகர் என்ற சித்தர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்த நவபாஷாணச் சிலை என்பது மரபு. இதோடு ஒட்டிக்கொண்ட கூற்று: பாலும் பஞ்சாமிர்தமும் சிலையில் பட்டு வழியும்போது மருந்தாகிறது. "சயின்ஸே ஒத்துக்கிச்சு" என்று சேர்த்துச் சொல்லும் இடம் இது. ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். பாஷாணப் பட்டியல்கள் நூலுக்கு நூல் மாறும். அடிக்கடி வருபவை வெள்ளைப் பாஷாணம், மனோசிலை, அரிதாரம், இலிங்கம், வீரம், பூரம், கந்தகம். வெள்ளைப் பாஷாணம் ஆர்செனிக் ஆக்சைடு. மனோசிலையும் அரிதாரமும் ஆர்செனிக்–கந்தகச் சேர்மம். இலிங்கம், வீரம், பூரம் மூன்றும் பாதரசச் சேர்மம். இவை ஒன்றுபோல் கரைவதில்லை. இலிங்கம் நீரில் கரையாது என்றே சொல்லலாம். வீரம் 100 மில்லிலிட்டரில் 7 கிராம் அளவுக்குக் கரையும், வெள்ளைப் பாஷாணம் 2 கிராம். குடிநீரில் ஆர்செனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், பாதரசம் 0.001 என்பது இந்தியத் தர வரம்பு. ஆக, பாலில் ஒன்றும் கரையவில்லை என்றால் மருந்து இல்லை. மருந்தாகும் அளவு கரைகிறது என்றால் அது நஞ்சின் அளவையும் தொடும். சித்த மருத்துவத்தில்கூட பாஷாணத்தைச் சுத்தி செய்யாமல் யாரும் கொடுப்பதில்லை.

சிலையைத் தொடாமலே இதை அறியலாம். அபிஷேகத்துக்கு முன் ஒரு கரண்டிப் பால், பின் ஒரு கரண்டிப் பால். அமிலம் கழுவிய குப்பியில் எடுத்து, நிறமாலைமானி உள்ள ஆய்வகத்துக்குக் கொடுத்தால் போதும். கூடவே, சிலையில் படாமல் அதே பாத்திரத்தில் வழிந்த பால் ஒன்றும் வேண்டும். இல்லையென்றால் பாத்திர உலோகத்தைச் சிலையின் கணக்கில் எழுதிவிடுவோம். 2004-இல் புதிய ஐம்பொன் சிலை வைத்ததும், பின்னாளில் அது சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவின் வழக்கானதும் எல்லோரும் அறிந்தது. தண்டாயுதபாணியைக் கும்பிடுகிறவருக்கு மூலவர் சிலையின் தனிமங்கள் பற்றி எந்தக் கேள்வியும் இல்லை. கேள்வியைக் கிளப்புவது மருந்து என்ற விளம்பரம்.

அடிவாரத்தில் நவபாஷாண மணி, மோதிரம், குட்டிச் சிலை விற்கிறார்கள். தண்ணீரில் போட்டுக் குடிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். போலியாக இருந்தால் காசு நட்டம். அசலாக இருந்தால் சிறுநீரகம்.

பஞ்சாமிர்தத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாச்சி போன்ற மலைவாழை, நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. கெடாமல் இருக்கும் சூட்சுமம் அதுவே. வீட்டளவில் கணக்கு: உரித்த பழம் ஒரு கிலோவில் நீர் சுமார் 700 கிராம், சொந்தச் சர்க்கரை 200. நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ, தேன் 200 கிராம், பேரீச்சை 100 சேர்த்தால், நெய் நீங்கலாக நூற்றுக்கு அறுபதை ஒட்டிச் சர்க்கரை. அந்தச் செறிவில் சர்க்கரை கிருமியின் உடம்பிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். இனிப்பு அதிகம் என்று சர்க்கரையைப் பாதியாக்கினால் சில நாளில் ஈஸ்ட் கிளம்பும். பழத்தைக் கழுவி ஈரத்தோடு பிசைந்தாலும், ஈரக் கரண்டி விட்டாலும் அதேதான், முதலில் மேல்பரப்பில்தான் தெரியும். டப்பா வாங்கும்போது மூடி உப்பியிருந்தாலோ, திறந்ததும் குமிழும் கள் வாடையும் வந்தாலோ, பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட வேண்டாம்.